கொர்நேலியு வீட்டுச் சாப்பாடு

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் புறப்படும் முதல் பஸ்ஸில் அன்று நான் ஏறியதற்குக் காரணம் பக்தி அல்ல. ஒரு சாப்பாட்டுத் தட்டு. எங்கள் மிஷனின் கமிட்டி வேன் பத்து மணிக்குத் தோட்டத்துக்கு வந்துவிடும். அதற்குள் நான் போய், தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், பெரியாயி அக்காவின் வீட்டில் இருக்கும் அந்தத் தட்டை எடுத்து மறைத்துவிட வேண்டும். "எங்களோட வேனில வாருமன் தம்பி" என்று தலைவர் சரவணமுத்து ஐயா முதல்நாளே கூப்பிட்டார். ஞானஸ்நானத்துக்கு ஓடையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

நான் பயந்தவன். சின்ன வயதில் நாய்க்குப் பயம், பள்ளிக்கூடத்தில் அதிபருக்குப் பயம், இப்போது கமிட்டிக்குப் பயம். பயந்தவர்களுக்கு ஊழியம் நல்ல தொழில் என்று நினைத்துத்தான் இதில் சேர்ந்தேன். யாரும் அடிக்கமாட்டார்கள், எல்லோரும் 'ஐயா' என்பார்கள் என்று ஒரு எண்ணம்.

அந்த ஞாயிறு என் தலைவிதியைத் தீர்மானிக்கும் ஞாயிறு. பதினொரு மாதமாக நான் தற்காலிக ஊழியன். என் பிரசங்கத்தைக் கேட்டு, நான் ஞானஸ்நானம் கொடுப்பதைப் பார்த்து, கமிட்டி என்னை நிரந்தரமாக்கும் அல்லது அனுப்பிவிடும். நிரந்தரமானால் பதுளையில் மிஷன் கோயிலுக்குப் பின்னால் உள்ள குவார்ட்டர்ஸ் எங்களுக்கு. இல்லையென்றால் ஏழு மாத வயிற்றோடு என் மனைவி துவாரகா யாழ்ப்பாணத்துக்கு, என்னை மனிதனாகவே மதிக்காத தன் தகப்பன் வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் அவள் என் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டே, "வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு வாங்கோ" என்றாள். நான் வாயைத் திறந்து என்றைக்குமே கெட்டதில்லை. என் கேடெல்லாம் சாப்பிட்டதில்தான் வந்தது.

எங்கள் மிஷனில் ஊழியருக்கு ஒரு விதி இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாதவர் வீட்டில் ஊழியர் கை நனைக்கக்கூடாது. சாமிக்குப் படைத்ததைத் தெரியாமல் சாப்பிட்டுவிடக்கூடும் என்பது காகிதத்தில் உள்ள காரணம். உண்மையான காரணம் காகிதத்தில் இல்லை. ஆனாலும் கமிட்டியில் இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள், லயத்தில் இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று தெரிந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு முன் இங்கே ஊழியம் செய்த விஜேந்திரன் லயத்து வீடொன்றில் ரொட்டி சாப்பிட்டது தெரியவந்து, ஒரே கிழமையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இப்போது எல்லவில் ஓட்டோ ஓட்டுகிறார். வெள்ளைக்காரர்களை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஏற்றிப் போகும்போது என்னைக் கண்டால் கை காட்டுவார். நான் காணாதவன்போலத் திரும்பிக்கொள்வேன்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் சாப்பிட்டேன். அதற்குப் பேதுருதான் பொறுப்பு.

மடுல்சீமைத் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், எங்கள் ஞாயிறு கூட்டம் நடக்கும். போன வருடம் நான் அங்கே அப்போஸ்தலருடைய கதையைத் தொடங்கினேன். இயேசுவின் சீடனான பேதுரு ஒரு யூதன். யூதரல்லாதவன் வீட்டு வாசற்படி மிதித்தாலே தீட்டு என்று வளர்ந்தவன். அப்படிப்பட்டவனைக் கடவுள் கொர்நேலியு என்ற ரோமப் பட்டாளத்துக்காரன் வீட்டுக்கு அனுப்புகிறார். போகிறான், பேசுகிறான், அந்த வீட்டார் எல்லோருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கிறான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியாயி அக்கா கையை உயர்த்தினாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் ஒரு பக்கம் மட்டும் தோடு.

"ஐயா, அந்த வீட்ல பேதுரு சாப்புட்டாருங்களா?"

"சாப்பிட்டார் அக்கா. சில நாள் தங்கியும் இருந்தார். அதுக்காகப் பிறகு அவருடைய ஆக்களே அவரோட சண்டைக்கு வந்தவை."

"அப்ப நீங்க எங்க வீட்ல சாப்புடுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னால் அடுத்த ஞாயிறு நான் என்ன முகத்தோடு வேதாகமத்தைத் திறப்பேன்? எழுந்து போனேன். ரொட்டி, கட்டச் சம்பல், குடிக்கப் பாலில்லாத சாயத்தண்ணி. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீட்டில்தான் என் மத்தியானச் சாப்பாடு. அவளுடைய கணவர் நல்லையா லயத்துக் கோடியில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு விளக்கு வைக்கிறவர். கூட்டத்துக்கு ஒருநாளும் வரமாட்டார். ஆனால் நான் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குப் பக்கத்தில் உட்காருவார். "பூசை போட்டது ஒன்னும் இல்லீங்க, பயப்படாம சாப்புடுங்க" என்று சிரிப்பார். பயத்தை அவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் பெரியாயி அக்கா பசறையில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, பாத்திரக்கடையிலேயே 'கஜரூபன் ஐயா' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டு வந்தாள். நம் ஆட்களுக்குப் பாத்திரத்தில் பெயர் வெட்டாவிட்டால் அன்பு நிறைவதில்லை. அன்று எனக்குக் கண் கலங்கியது. கமிட்டி வருகிறது என்று அறிந்த நாளிலிருந்து அதே தட்டு என் கனவில் வந்து பயமுறுத்தியது.

மடுல்சீமையில் இறங்கி, தேயிலைக்குள் அரை மணி நேரம் நடந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காலில் அட்டை ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் நல்லையா முழங்கால் வரை சேற்றோடு நின்றார்.

"வாங்க ஐயா. ஓடைய மறிச்சு அணை கட்டிட்டேன். மூனு நாள் வேல. இடுப்பளவு தண்ணி நிக்கிது."

"நீங்களா கட்டினீங்கள்?"

"பொம்பளை ஆசப்படுது. எங்க முனியாண்டி அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு."

வேறு நாளென்றால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். அன்று என் கண் அவர் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் அலைந்தது. சுவர்ப் பலகையில் தட்டு இல்லை. ஒரு பாத்திரமுமே இல்லை.

"ஏனமெல்லாம் எங்கே?"

"பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கி, பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டு போயிருச்சு. அங்கதான் சாப்பாடு."

திரும்பி ஓடினேன். பாதி வழியில் வேனின் ஹோர்ன் கேட்டது. பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டார்கள். நேரத்துக்கு முன் வருவது ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிகளின் வியாதி. சரவணமுத்து ஐயா அதில் முற்றியவர்.

பிள்ளைக்காம்பராவின் பின்சுவரோரம் ஒரு நீள மேசை. அதன்மேல் வெள்ளைத்துணி. துணியின்மேல் பளபளவென்று தட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. வரிசையின் தலைமாட்டில், எல்லாவற்றிலும் அதிகமாகப் பளபளத்துக்கொண்டு, என் பெயர். பெரியாயி அக்கா வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கமிட்டியார் ஐந்து பேரும் முன்வரிசைக் கதிரைகளில் மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். நான் பிரசங்க மேசைக்குப் போனேன். மற்றவர்களுக்கு அது முதுகுக்குப் பின்னால். எனக்கு மட்டும் நேர் எதிரே.

கமிட்டி எனக்குக் கொடுத்திருந்த பாடம் பேதுரு கொர்நேலியு வீட்டுக்குப் போனது. வேறு பாடமே அவர்களுக்குக் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நான் கேட்டுக் களைத்துவிட்டேன்.

பேசினேன். பேதுரு புறப்பட்டான், வாசலுக்கு வந்தான், உள்ளே போனான், பிரசங்கித்தான். இங்கே வந்ததும் நிறுத்தினேன். சாப்பாட்டுப் பகுதி வருகிறது. முன்வரிசையில் சரோஜாதேவி டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விஜேந்திரனைப் பிடித்துக்கொடுத்தவர் அவர்தான். நான் ஒரு பெரிய மூச்சு விட்டு, "ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, பேதுரு எருசலேமுக்குத் திரும்பினார்" என்று முடித்தேன்.

பெரியாயி அக்கா தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். கையை உயர்த்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் உயர்த்தவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு கமிட்டியின் முதுகைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

சரவணமுத்து ஐயா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல பிரசங்கம். தேவையில்லாததை விட்டிட்டு, விஷயத்தை மட்டும் சொன்னீர்."

சாப்பாட்டு நேரம். லயத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே எழும்பி கோழிக் குழம்பும் பருப்பும் சோறும் ஆக்கியிருந்தார்கள். கமிட்டியார் வேனிலிருந்து தங்கள் பார்சல்களையும் தண்ணீர்ப் போத்தல்களையும் இறக்கினார்கள். "குறை நினைக்காதேங்கோ, எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது" என்றார் சரோஜாதேவி டீச்சர். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் வயிறு ஒத்துக்கொள்ளாமல் போனது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஆறாவதாக ஒரு பார்சல் இருந்தது. அது எனக்கு. நான் அவர்களோடு போய் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். கோழிக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியாயி அக்கா பாதியில் நின்று, அப்படியே திரும்பிப் போனாள்.

நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தேன். ஆனாலும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் சரோஜாதேவி டீச்சர் கை கழுவ எழுந்து, மேசையருகே போனவர், குனிந்தார். ஒரு தட்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"தலைவர், ஒருக்கா இங்க பாருங்கோ."

தட்டு கைமாறியது. சரவணமுத்து ஐயா பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"தம்பி, இது என்ன?"

அந்த ஒரு கணத்தில் நான் கண்டதெல்லாம் துவாரகாவின் வயிறும் விஜேந்திரனின் ஓட்டோவும்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வரவேயில்லை. வந்ததாக இங்கே எழுதினால் அது இன்னொரு பொய்.

"எனக்குத் தெரியாது ஐயா."

"உம்முடைய பேர் வெட்டியிருக்கு. உமக்குத் தெரியாதோ? இது ஆற்ற தட்டு?"

"என்னுதுங்க" என்றபடி பெரியாயி அக்கா முன்னுக்கு வந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன இருந்ததோ என் முகத்தில். அவள் உடனே கண்ணை எடுத்துத் தலைவரைப் பார்த்தாள். "ஐயா ஜெபம் பண்ற மேசைல பூ வைக்கிறதுக்கு வாங்குனேங்க. அதான் ஐயா பேரு. சாப்புடுற தட்டு இல்லீங்க. அவசரத்துல மத்ததோட சேர்த்து வச்சுட்டேன்."

"தம்பி உங்கட வீட்டில சாப்பிடுறவரோ?"

"எங்க வீட்லயா? பச்சத் தண்ணி குடிச்சதில்லீங்க."

சொல்லும்போது அவள் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் வியர்வையில் நனைந்திருந்தேன். சரோஜாதேவி டீச்சர் சிரித்தார். "இதுகளுக்கு இன்னும் பூத்தட்டுப் பழக்கம் போகேல்லை. பரவாயில்லை, மெல்ல மெல்லப் போகும்." தட்டு மேசைக்குத் திரும்பியது. சரவணமுத்து ஐயா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டல் எனக்கு இனித்தது. அதை மறைக்கமாட்டேன்.

ஞானஸ்நானத்துக்கு எல்லோரும் ஓடைக்கு இறங்கினோம். எங்கள் மிஷனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் எடுப்பவர் தண்ணீரில் நின்று, மனதில் உறுத்தும் பாவத்தைக் கரையில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முழுக்கு. மறைத்தவரின் ஞானஸ்நானம் செல்லாது என்று அவர்களுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். பெரியாயி அக்கா தன் பாவத்தை ஒரு மாதத்துக்கு முன்பே தெரிவுசெய்துவிட்டாள்: நாத்தனாரோடு மூன்று வருடமாகப் பேசவில்லை. "இது போதுங்களா ஐயா, இன்னும் பெருசா வேணுமா?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டு பேரின் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. நான் தண்ணீரில் இறங்கி நின்று பெயரைக் கூப்பிட்டேன். எலும்புக்குள் ஏறும் குளிர். அவள் கரையில் வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் இன்று உறுத்தும் பாவத்தைச் சொல்லவேண்டும். இவளுக்கு நாத்தனார் பாவம் இப்போது ஒரு பாவமா? சற்று முன் சொன்ன பொய் அவள் வாயிலேயே இருக்கிறது. அதைச் சொல்லிவிடுவாள். பெரியாயி அக்கா பாவத்தை மறைக்கிற ஆள் இல்லை. சொல்லிவிட்டால் நான் தொலைந்தேன்.

'ஆண்டவரே, அவள் சொல்லக்கூடாது' என்று நான் ஜெபித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உருகி ஒரு ஜெபம் செய்ததில்லை.

அவள் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். கரையோரமாகக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த ஆளக் கூப்புடுங்க ஐயா."

"ஏன் அக்கா?"

"எறங்குனா அதச் சொல்லணும். சொன்னா உங்க வேல போயிரும். வீட்டம்மா வேற மாசமா இருக்காங்க. சொல்லாம முழுகுனா அது முழுக்கா? நா எடுக்கலீங்க."

அவள் பதினொரு மாதமாகக் காத்திருந்தது இதற்கு. புருஷனோடு சண்டை போட்டது இதற்கு. அவர் சேற்றில் நின்று மூன்று நாள் அணை கட்டியது இதற்கு.

மேலே குடையின் கீழ் நின்ற சரவணமுத்து ஐயா, "என்னவாம் தம்பி?" என்று சத்தமாகக் கேட்டார்.

தண்ணீரில் நிற்பவன்தான் பாவத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீரில் நின்றது நான். இது அப்போதே எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

"அவவுக்கு உடம்பு சுகமில்லையாம் ஐயா" என்றேன்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். சுரேஸ் இறங்கினான். பிறகு மதுஷா. அப்படியே பதினொரு பேர். முழுகி எழுந்த ஒவ்வொருவருக்கும் பெரியாயி அக்கா கரையில் நின்று துவாய் கொடுத்தாள், தலை துவட்டிவிட்டாள். அணைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த நல்லையா தன் மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

வியாழக்கிழமை, என்னை நிரந்தரமாக்கிக் கமிட்டியின் கடிதம் வந்தது. துவாரகா அதை வாசித்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாள். நானும் அழுதேன், அவள் இரண்டு அழுகையையும் ஒன்றென்று நினைத்தாள். இனி எந்தப் பயமும் இல்லை என்றாள். ஆனால் சனிக்கிழமை இரவு நான் மறுபடியும் பயந்தேன். ஐந்து பேர் கொண்ட கமிட்டிக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. அடுத்த நாள் நான் மடுல்சீமைக்குப் போக வேண்டும்.

போனேன். பெரியாயி அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் எடுத்த பதினொரு பேரும் முன்னால், அவள் பின்னால். நான் வேதாகமத்தைத் திறக்கும்போது அவள் கையை உயர்த்தினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"பேதுரு அதுக்கப்புறம் என்ன செஞ்சாருங்க? கடைசி மட்டும் அவங்க வீட்ல சாப்புட்டாருங்களா?"

வேறு கதை சொல்லியிருக்கலாம். என்னிடம் பொய்யும் மிச்சம் இருந்தது. ஆனால் அவளுடைய முகத்துக்கு நேரே இன்னொன்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே சொன்னேன். அந்தியோகியா என்ற பட்டணத்தில் பேதுரு யூதரல்லாதவர்களோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டுவந்தார். ஒருநாள் எருசலேமிலிருந்து சில பெரிய ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பேதுரு பந்தியிலிருந்து எழும்பி விலகிப் போய்விட்டார்.

"ஏங்க?"

"பயத்தில்."

"பாவம்" என்றாள் பெரியாயி அக்கா. உண்மையிலேயே பேதுருவுக்காகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "அப்புறம்?"

"பவுல் என்று இன்னொருவர் இருந்தார். அவர் எல்லோருக்கும் முன்னால், இப்படிச் செய்யலாமா என்று பேதுருவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

இப்போது கேட்டது நல்லையா. கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"அது எழுதப்படவில்லை" என்றேன். அது உண்மை. பவுல் கேட்ட கேள்வி அவருடைய கடிதத்தில் இருக்கிறது, பேதுருவின் பதில் இல்லை.

"எழுதாட்டி என்னங்க? ஆளு ஏதாச்சும் சொல்லித்தானே இருப்பாரு" என்றபடி அவர் உள்ளே வந்து, தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒருவரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.